நான் படித்த எட்டு வரிகள்

அந்தக் கடிதத்தில் நான்கு பத்திகள் இருந்தன. நான் எட்டு வரிகள் படித்தேன். ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரி, கடைசி வரி. அது போதும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைக் கற்றுக்கொள்ள ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருந்தேன். எட்டு வரிகளுக்கு நாற்பது வினாடி ஆயிற்று.

படிக்காமல் விட்ட வரிகளில் ஒன்று, ஐந்தாம் மாடியில் கதவைத் திறந்தால் சில சமயம் உள்ளே லிஃப்ட் இருப்பதில்லை என்று சொன்னது. எழுதியவர் அந்த மாடியில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி. நான் கடிதத்தை ‘விளக்கு’ என்று எழுதிய தட்டில் போட்டேன். விளக்குக் கோளாறைச் சரிசெய்ய எங்கள் நிறுவனத்தில் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. போட்டுவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தேன்.

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் அது. நான் புகார்ப் பிரிவு. பெரும்பாலான புகார்கள் தொலைபேசியில் வரும். பழைய கட்டடங்களிலிருந்து மட்டும் இன்னும் தபாலில் வருகின்றன. அவற்றைப் படித்து விளக்கு, சத்தம், தாமதம், கதவு, அவசரம் என்று ஐந்து தட்டுகளில் பிரிப்பது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கடிதங்களை எனக்குப் பிடித்திருந்தது. லிஃப்டைப் பற்றி எழுத உட்கார்ந்து மனிதர்கள் எதையெல்லாமோ எழுதிவிடுவார்கள். மருமகன் பேசுவதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் அதையும் படித்தேன். படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேலாளர் அதற்கு ஒரு முறை என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

எம்.பி.ஏ. முடித்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் வேறு மாடியில் உட்கார்கிறார்கள். அந்த மாடிக்குக் கடிதங்கள் போவதில்லை. நான் அங்கே போக நினைத்தேன். யாரையும் நிர்வகிக்கும் ஆசை எனக்கு இருந்ததில்லை, இதைச் சொல்லிவிடுகிறேன். கீழ் மாடியில் கிழவியாகிவிடுவேனோ என்ற பயம், அவ்வளவுதான்.

ஒரு நுழைவுத்தேர்வை நம்பி இறங்க முடியாது என்றார்கள். ஐந்துக்கு விண்ணப்பித்தேன். ஐந்துக்கும் நானும் என் தோழியும் பட்டப்பெயர் வைத்திருந்தோம். தப்பான விடைக்கு மதிப்பெண்ணைப் பிடுங்குகிறவன் ‘கஞ்சன்’. எதை எழுதினாலும் குறைக்காதவன் ‘தாராளம்’. இரண்டு மணி நேரத்தில் இருநூறு கேள்வி கேட்பவன் ‘பேயோட்டி’. எட்டுக் கேள்விக்கு மேல் விட்டுவிட்டால் அதற்கும் தண்டனை தருகிறவன் ‘மாமியார்’. கட்டுரை எழுதச் சொல்பவன் ‘மாப்பிள்ளை’, ஏனென்றால் அவனுக்கு நம் லட்சியம் என்னவென்று தெரிய வேண்டும். எல்லாத் தேர்வும் எட்டு வாரத்துக்குள் வந்தன.

“ஒரே சமயத்துல அஞ்சு வீட்டுக்கு மருமகளா இருக்கற மாதிரிடி,” என்பாள் தோழி. “ஒரு வீட்ல வாயைத் திறந்தா குத்தம். இன்னொரு வீட்ல திறக்கலைன்னா குத்தம். எந்த வீட்ல இருக்கோம்னு காலைல எழுந்ததும் ஞாபகம் வெச்சுக்கணும்.”

அவள் மருத்துவமனையில் நர்ஸ். கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடி பிடித்துப் பழகியவள் என்பதால் அவளுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். நான் எங்கே போனாலும் பையில் ஒரு நாவல் இருக்கும் என்பதால் எனக்குப் புஸ்தகம் என்று பெயர். அந்த நாவல் ஏழு மாதமாக முப்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றிருந்தது. ஒரு பத்தி படித்ததும் கேள்வி எங்கே என்று கண் கீழே போய்விடும். கேள்வி இல்லாவிட்டால் எதற்காகப் படித்தோம் என்று எரிச்சல் வரும்.

பயிற்சி வகுப்பு ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. ஜன்னல் திறக்காத அறை. தரைவிரிப்பில் எப்போதோ கொட்டிய காப்பியின் புளித்த வாடை. கணினிக்கு முன்னால் மாட்டியிருக்கும் ஹெட்போன்களில் முன்பு போட்டிருந்தவர்களின் தலையெண்ணெய் பிசுபிசுக்கும். பேனா மூடிகள் எல்லாம் யாராலோ மென்று துப்பப்பட்டவை. ஒவ்வொரு வாரமும் எங்கள் மதிப்பெண்ணைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒட்டுவார்கள். கழிப்பறைக்குப் போகிற எல்லாரும் போகிறபோது ஒரு முறை, வருகிறபோது ஒரு முறை படிப்பார்கள்.

சொல்லிக்கொடுப்பவர் கெட்டவர் இல்லை. காதைப் பேனா மூடியால் குடைந்துகொண்டே பேசுவார், அது வேறு விஷயம். அவருடைய பாடம் இரண்டு சொற்கள்தான்.

“படிக்காதீங்க. எடுங்க,” என்பார். “எழுதினவன் என்ன சொல்ல வர்றான்கிறது முதல் வரியில இருக்கும். என்ன முடிவுக்கு வந்தான்கிறது கடைசி வரியில இருக்கும். நடுவுல இருக்கறது அவனோட சொந்தப் புலம்பல். அதுக்கு நீங்க ஏன் உட்காரணும்? கேள்வி கேட்டா மட்டும் உள்ள போங்க. பேப்பர், பில், பஸ்ல ஒட்டியிருக்கற நோட்டீஸ், எல்லாத்துலயும் பழகுங்க. கை தானா செய்யணும்.”

கை தானாகச் செய்தது. முதலில் செய்தித்தாள், பிறகு அலுவலகக் கடிதங்கள். ஒரு நாளைக்கு முப்பது கடிதம் பிரித்துக்கொண்டிருந்தவள் தொண்ணூறு பிரித்தேன். மேலாளர் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு மனிதர்கள். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணி ஒரு மாலை காய் நறுக்கிக்கொண்டே தன் அம்மாவின் உடம்பைப் பற்றி ரொம்ப நேரம் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

“சரி, நான் நடுவுல என்ன சொன்னேன்?” என்றாள் திடீரென்று.

“உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. அடுத்த வாரம் போகணும்.”

“அது மொதல்லயும் கடைசியிலயும் சொன்னது. நடுவுல?”

அண்ணி கத்தியை வைத்துவிட்டு, “உங்க தங்கச்சி காதைப் பரீட்சைக்கு அடகு வெச்சுட்டா,” என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு கண்ணுக்கு வரவில்லை. ‘பேசியவரின் தொனி யாது?’ என்று என் மனது கேட்டது. நான்கு விடைகளையும் அதுவே கொடுத்தது. நான் சரியானதை எடுத்தேன். எடுத்துவிட்டு, சாரி அண்ணி என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனேன்.

தையல்காரப் பெண்மணியின் கடிதம் வந்தது அந்த வாரத்தில்தான், ஒரு புதன்கிழமை.

ஸ்டாப்வாட்சும் நானும் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். அவள் மருத்துவமனையிலிருந்து மருந்துச் சீட்டுகளும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கைகளும் கொண்டுவருவாள். நான் கடிதங்களை நகலெடுத்து, பெயரையும் முகவரியையும் கறுப்பு மையால் அடித்துக் கொண்டுவருவேன். அவளுடையதில் நான் கேள்வி போட வேண்டும், என்னுடையதில் அவள். கேள்வி போடுகிறவள் முழுவதும் படித்தாக வேண்டும், அது விதி. பதில் சொல்கிறவள் ஏற்கெனவே ஒரு முறை ஓட்டமாகப் பார்த்திருப்பாள், மறுபடி பார்க்கக் கூடாது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஐந்து நகல்கள் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சனின் தேர்வு. தேர்வு மையத்துக்கு வெளியே வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவன் தன் ஆள்காட்டி விரலை நக்கி நக்கி ஒரு சூத்திரப் புத்தகத்தைப் புரட்டினான். பின்னால் ஒருத்தி வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டில்களின் மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு வரச் சொல்லியிருந்ததால் வாசலெங்கும் கிழித்த தாள் காலில் ஒட்டிக்கொண்டது.

“வார்ம்-அப்புக்கு ஒண்ணு,” என்றாள் ஸ்டாப்வாட்ச், நகல்களை எடுத்தபடி. “லைட்டு எரியாத லிஃப்ட். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“கேள்வி ஒண்ணு. எழுதினவங்க என்ன கேக்கறாங்க?”

“லைட்டை மாத்தணும்.”

“சரி. ரெண்டு. அவங்க தொழில்?”

“தையல். ரெண்டாவது பத்தி, முதல் வரி.”

“மூணு. இதுலதான் உன்னை மடக்கப்போறேன். எழுதியவர் கூற்றுப்படி, கதவைத் திறந்தால் சில சமயம் உள்ளே இருப்பது எது? அ, எரியாத விளக்கு. ஆ, பக்கத்து வீட்டுக்காரர். இ, எண்ணெய். ஈ, ஒன்றுமில்லை.”

“அ,” என்றேன்.

“தப்பு!” அவள் துள்ளினாள். “கால் மார்க் போச்சு. ஈ. உள்ள லிஃப்டே இருக்காதாம். மூணாவது பத்தியில நட்ட நடுவுல ஒளிஞ்சிருக்கு. செம மடக்குக் கேள்விடி இது, நானே ரெண்டு தடவை படிச்சேன்.”

நான் தாளை அவள் கையிலிருந்து வாங்கினேன். வரிசை இரண்டடி நகர்ந்தது.

“பழைய லெட்டர்தானே இது?” என்றாள். “சரி பண்ணிட்டாங்கதானே?”

“ம்,” என்றேன்.

அந்த ‘ம்’ எனக்கு இன்னும் தொண்டையில் இருக்கிறது.

தாளை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மைக்கு அடியில் முகவரி மங்கலாகத் தெரிந்தது. வரிசையை விட்டு விலகி, ஞாயிறு பணியில் இருப்பவரைப் போனில் கூப்பிட்டேன். அலுவலகத்தில் அவருக்கு இரவல் என்று பெயர். குடை முதல் தண்ணீர் பாட்டில் வரை எதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போவார், திரும்ப வராது.

“லைட் கேஸ்னுதானே போட்டிருக்கு?” என்றார் இரவல்.

“தப்பா போட்டுட்டேன். அது கதவு. அவசரம்னு மாத்தணும்.”

“உங்க லாகின்லதான் மாத்த முடியும், மேடம். இப்ப ஆபீஸ் வரீங்களா?”

“வர முடியாது. நீங்க மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க.”

“ஞாயித்துக்கிழமை லைட்டுக்கு அனுப்பினா என்னைத்தான் கேப்பாங்க. சரி, சொல்லிப் பார்க்கறேன்.”

“சொல்லுவீங்கதானே?”

“சொல்லிப் பார்க்கறேன், மேடம்.”

தேர்வு மையத்தின் கதவை மூட ஆறு நிமிடம் இருந்தது. கடிதத்தில் தொலைபேசி எண் இல்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே சொன்னேன். தேர்வுத் திரையில் ஒரு ஊதா நிறப் பொத்தான் உண்டு, ‘பிறகு பார்க்க’ என்று. தெரியாத கேள்வியில் அதை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அழுத்தியதும் அந்தக் கேள்வியை முடித்துவிட்டது போல ஒரு நிம்மதி வரும். அதே நிம்மதி வந்தது. போனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனேன்.

மூன்று மணி நேரம். உள்ளே நான் அழுதேன், கை நடுங்கியது, எழுத முடியவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. கண்ணாடி செய்வதன் வரலாற்றைப் பற்றி ஒரு பகுதி வந்தது. முதல் வரி, கடைசி வரி, கேள்வி. ஆறில் ஆறு. பறவைகள் திசை மாறுவதைப் பற்றி ஒரு பகுதி. முதல் வரி, கடைசி வரி. எங்கோ ஒரு கதவு திறந்து மூடுவது மட்டும் அவ்வப்போது ஞாபகம் வந்தது. வந்தபோதெல்லாம் ஊதாப் பொத்தானை அழுத்தினேன். அந்த உடம்பு என்னுடையது என்று நம்ப இப்போதும் கூசுகிறது.

வெளியே வந்ததும் இரவலைக் கூப்பிட்டேன்.

“அய்யோ, மறந்தே போச்சு மேடம். நடுவுல ரெண்டு போன் வந்துது...”

“இப்ப நான் சொல்றதை எழுதிக்குங்க,” என்றேன். “அஞ்சாவது மாடியில லிஃப்ட் இல்லாமலே கதவு திறக்குது. யாராவது விழுந்தா உங்க பேரும் என் பேரும் போலீஸ்ல இருக்கும். மெக்கானிக் கிளம்பிட்டார்னு அஞ்சு நிமிஷத்துல எனக்கு போன் வரணும்.”

மூன்று நிமிடத்தில் வந்தது. நான் சொன்னது மூன்று வாக்கியம்தான். காலையில் என்னிடம் இருந்த ஆறு நிமிடத்தில் இதைப் பதினைந்து முறை சொல்லியிருக்கலாம்.

டாக்ஸியில் ஸ்டாப்வாட்சும் ஏறிக்கொண்டாள். அவளிடம் அப்போதுதான் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்த நகலை வாங்கி மறுபடி படித்தாள்.

“நான் கேள்வி போட்டேன்டி,” என்றாள் கடைசியில். “படிச்சுட்டு நாலு ஆப்ஷன் வேற எழுதினேன். ‘பக்கத்து வீட்டுக்காரர்’னு எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்துது.”

மருத்துவமனையில் அவளுக்கு மதிய ஷிப்ட். வழியில் இறங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தும்போது, “யாராவது அடிபட்டிருந்தா என்னைக் கூப்பிடு,” என்றாள். அதை நர்ஸாகச் சொன்னாள்.

கட்டடம் ஒரு குறுகிய தெருவில் இருந்தது. மங்கிய மஞ்சள் சுவர், பதினொரு தபால்பெட்டிகள். அதில் ஒன்றின் பூட்டுக்குப் பதில் தையல் நூல் கட்டியிருந்தது. லிஃப்ட் பழைய மாதிரி, கையால் இழுத்துத் திறக்கும் இரும்புக் கதவு. கதவில் முழ நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை. லிஃப்ட் வந்து நின்றால்தான் அந்தக் கதவின் பூட்டு விடுபட வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இருட்டு. விளக்கு எரியாத லிஃப்டும் இருட்டு, லிஃப்டே இல்லாத குழியும் இருட்டு. விளக்கைப் பற்றி அவர் ஏன் எழுதினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

படியேறினேன். கூட்டமோ கூச்சலோ இல்லை என்பதை ஒவ்வொரு மாடியாக எண்ணிக்கொண்டே ஏறினேன். ஐந்தாம் மாடியில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் ஒரு மர நாற்காலி. கதவின் கைப்பிடியை நாற்காலியோடு சேர்த்துப் பூப்போட்ட திரைத்துணிப் பட்டையால் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. நாற்காலிமேல் அட்டை. அதில் கொட்டை எழுத்தில்: ‘உள்ளே லிஃப்ட் இல்லாமல் இருக்கலாம்.’

அதை இரண்டு முறை படித்தேன்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விரலெல்லாம் நீலச் சாக்பீஸ் தூள், கை மடிப்பில் ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

“யாரும்மா?”

“லிஃப்ட் கம்பெனி.”

“லைட்டு மாத்த லேடீஸை அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்களா? நல்லதுதான். ஏணி எங்க?”

“மெக்கானிக் வந்துட்டிருக்கார். நான் புகார்ப் பிரிவு. உங்க லெட்டர்...”

“ஓ, படிச்சது நீங்கதானா?” அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? “உள்ள வாங்க. படியேறி வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க.”

உள்ளே ஒரு பெரிய மேசை, அதன்மேல் ஒரு ஓட்டலுக்கான திரைச்சீலைகள் மலைபோல. ஒரு மூட்டை கட்டி முடித்திருந்தது, இரண்டு ஆள் கனம்.

“இதைத் தூக்க முடியாது, இழுத்துட்டுத்தான் போவேன்,” என்றார். “மூட்டையைப் பார்த்துக்கிட்டே பின்பக்கமாப் போவேன், கதவை முதுகால தள்ளிப் பிடிச்சுக்கிட்டு. அப்படியே பழக்கம். போன புதன்கிழமை அப்படிப் போகும்போது இடுப்புல சொருகியிருந்த மீட்டர் ஸ்கேல் நழுவிக் கீழ விழுந்துது. குனிஞ்சு எடுத்தேன். எடுக்கும்போது திரும்பினேனா, உள்ள இருட்டா இருந்துது. எப்பவுமே இருட்டுதானே. ஆனா காத்து வந்துது பாருங்க, கீழேருந்து, சில்லுனு. ஸ்கேலை நீட்டித் தட்டிப் பார்த்தேன். தரை இல்ல.”

புதன்கிழமை. என் தட்டில் கடிதம் விழுந்து ஏழாவது நாள்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியைக் கட்டினேன். நாலு நாளா படியிலதான் மூட்டையை உருட்டறேன். முட்டி பாருங்க, பலாப்பழம் மாதிரி ஆயிடுச்சு.” சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் என்னைப் பார்த்தார். “நீங்க லெட்டரைப் படிச்சீங்கதானே?”

“படிச்சேன்.”

“அப்புறமாவா இத்தனை நாள்?”

பதில் சொல்லாமல் இருந்தால் மதிப்பெண் குறையாது. நான் தண்ணீரைக் குடித்தேன். டம்ளரின் அடியில் ஒரு துண்டு நூல் கிடந்தது. அதையும் சேர்த்துக் குடித்தேன்.

மெக்கானிக் வந்தார். கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். பட்டையை அவிழ்த்து, நாற்காலியை நகர்த்தி, கைப்பிடியைப் பிடித்து லேசாக இழுத்தார். கதவு ஒரு அலமாரிக் கதவு மாதிரி சாதாரணமாகத் திறந்தது. டார்ச்சை அடித்தார். எண்ணெய்க் கறை படிந்த சுவர், தொங்கும் கம்பிகள், கீழே வெகு தூரத்தில் லிஃப்டின் கூரை. அதன்மேல் யாரோ எப்போதோ போட்ட ஒரு பழைய செருப்பு.

“பூட்டு நாக்கு முழுசா தேய்ஞ்சு போயிருக்கு,” என்றார். “யாரு இதை லைட்டுன்னு எழுதினது? குருடனா?”

“நான்தான்,” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்து, தையல்காரப் பெண்மணிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“புகார் வந்த தேதின்னு ஒரு கட்டம் இருக்கு. இன்னைக்குத் தேதி போட்டுடறேனே. இன்னைக்கு வந்த புகார், இன்னைக்கே சரி பண்ணியாச்சு. உங்களுக்குத்தான் நல்லது.”

கல்லூரிக்கு அலுவலகத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம் வேண்டும். அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் ‘சரி’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். இதையும் எழுதிவிட வேண்டும். திறந்தேன்.

“தேதியா?” என்றார் அந்தப் பெண்மணி பின்னாலிருந்து. காது நன்றாகவே கேட்டது அவருக்கு. “என்கிட்ட இருக்கு, இருங்க.” உள்ளே போய் அளவு நோட்டை எடுத்துவந்தார். ஜன்னல் அளவுகளுக்கு நடுவே இரண்டு பக்கத்தில் அந்தக் கடிதம். “நோட்டுல எழுதிப் பார்த்துட்டுத்தான் நல்ல தாள்ல எழுதுவேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. மேல தேதி இருக்கு பாருங்க. கண்ணாடி உள்ள இருக்கு, நீங்களே கொஞ்சம் படிங்கம்மா, அவருக்கும் கேக்கட்டும்.”

நோட்டை என் கையில் கொடுத்தார். தேதி பதிமூன்று நாளுக்கு முந்தையது. மெக்கானிக் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். லிஃப்ட் கதவு திறந்தே இருந்தது. காற்று வந்துகொண்டிருந்தது, அவர் சொன்ன மாதிரி, சில்லென்று.

நான் படித்தேன்.

“ஐயா அல்லது அம்மா, எங்கள் கட்டடத்து லிஃப்டில் விளக்கு எரியவில்லை. ஒரு மாதம் ஆகிறது. பதினொரு வீட்டிலும் கேட்டேன், யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் மாடியில் தையல் வேலை செய்கிறேன். திரைச்சீலை மூட்டையோடு லிஃப்டில் பின்பக்கமாக நுழைவது என் வழக்கம். விளக்கு இருந்தால் தரையில் வெளிச்சம் விழும், அதைப் பார்த்து நுழைவேன். என் முழங்கால் படிக்கு ஒத்துக்கொள்ளாது.

எங்கள் கட்டடம் பழையது என்று தெரியும். எல்லாம் புதிதாக வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் கதவைத் திறந்தால் சில சமயம் உள்ளே லிஃப்ட் இருப்பதில்லை. இந்த மாதம் இரண்டு முறை அப்படி. எனக்குப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

உங்களுக்கு வேலை நிறைய இருக்கும். இவ்வளவு நீளமாக எழுதியதற்கு மன்னிக்கவும். சுருக்கமாக எழுத எனக்குத் தெரியவில்லை. முடிந்தால் விளக்கை மாற்றிக் கொடுங்கள்.”

‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்ற வரியில் என் குரல் ஒரு முறை நின்றது. அவ்வளவுதான். மற்றபடி நன்றாகவே படித்தேன்.

“எழுத்து புரிஞ்சுதா?” என்றார் அவர்.

“புரிஞ்சுது.”

மெக்கானிக் பழைய தேதியைப் பார்த்துக் கட்டத்தை நிரப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொன்னது நான் இல்லை, அந்த நோட்டு. எனக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். மேலாளர் முதல் வரியைப் பார்த்தார், கடைசி வரியைப் பார்த்தார், “சரி, இனிமே கவனமா இருங்க” என்று கையெழுத்துப் போட்டார். நன்னடத்தைக் கடிதமும் கொடுத்தார். கஞ்சனின் முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. ஐந்து தேர்விலும் எனக்கு அதில்தான் அதிகம், அதிலும் வாசிப்புப் பகுதியில். ஸ்டாப்வாட்ச் பார்த்துவிட்டு வாழ்த்தவில்லை. கல்லூரியின் அழைப்புக் கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை எழுத்து விடாமல் படித்தேன், நடுவில் ஒன்றுமே இல்லை. போவேன் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கும்போதெல்லாம் வாயில் அந்த நூல் ருசி வருகிறது.

ஆனால் அன்று ஐந்தாம் மாடியில் நோட்டை மூடியதும் நான் செய்ததைச் சொல்லவில்லை. அந்தப் பெண்மணியின் முகத்தையோ, திறந்திருந்த குழியையோ நான் பார்க்கவில்லை. என் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போயிற்று. உரக்க, நிறுத்தி, எல்லா வரியையும் படிக்க ஆன நேரம் ஒரு நிமிடம் நாற்பது வினாடி. பதினொரு நாளுக்கு முன்னால் நான் மிச்சம் பிடித்தது ஒரு நிமிடம்.